முறிச்சாச்சு என்று எழுதமுன்

தேத்தண்ணியைக் குடியுங்கோ தம்பி, அவசரமில்லை. மல்கிரேவில் இருக்கிற உங்கட பட்டறைக்கு அலுமாரி ஓடர் தந்தவர் பாதியிலே கைவிரித்துவிட்டார், அவருக்கு இன்றைக்கே ஈமெயில் அடிக்கவா என்றுதானே கேட்கிறீங்கள்?

ஒரு நாள் பொறுங்கோ. எதிர்ப்பக்கம் ஒப்பந்தத்தையே உதறினால் உங்களுக்கு இரண்டு வழி. அதை ஏற்று ஒப்பந்தத்தை முடித்து நட்டஈடு கேட்கலாம். அல்லது ஒப்பந்தம் இன்னும் இருக்கிறது, பேசினபடி செய் என்று நிற்கலாம். முடித்தாச்சு என்று அறிவித்த பிறகு மனம் மாறித் திரும்பி வர இயலாது. காசு நாலு நாள் பிந்தினது போன்ற சின்ன மீறலென்றால் நட்டஈடு மட்டும்தான். அதைச் சாட்டி ஒப்பந்தத்தை முடித்தால், முறித்த ஆள் நீங்களாகிவிடுவீங்கள்.

அப்படி மாட்டுப்பட்டவர்களின் கதை இங்கே பக்கத்தில், பிளாக்பேர்னில் நடந்தது. மான் எதிர் பேட்டர்சன் கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் வழக்கு. இரண்டு மாடிவீடுகள் கட்ட 971,000 டொலர் ஒப்பந்தம். இடையில் எழுத்தில் இல்லாமல் வாய்ப்பேச்சாகக் கேட்ட மாற்றங்கள் மட்டும் 42! 2015இல், பிழை கட்டுநரில்தான் என்று சொல்லி வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை முடித்தார்கள். விக்டோரியாவின் தீர்ப்பாயமான வீகாட், ஒப்பந்தத்தை உதறியது வீட்டுக்காரர்தான் என்றது. கட்டுநரோ ஒப்பந்த விலையை விட்டுவிட்டு, செய்த வேலையின் சந்தைப் பெறுமதியைக் கேட்டார். வீட்டுக்காரர் ஏற்கெனவே 945,000 டொலரளவில் கட்டியிருந்தும், மேலே 660,000 டொலருக்கு அதிகமாகக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

2019 ஒக்டோபரில் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. முடிந்த கட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் பேசின காசுதான். முடியாத கட்டத்துக்கு வேலையின் பெறுமதியைக் கேட்கலாம், ஆனால் பொதுவாக ஒப்பந்த விலையைத் தாண்டக்கூடாது என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. குறைந்த விலைக்கு ஒப்புக்கொண்டவர், மற்றவர் முறித்ததைச் சாட்டி அந்த விலையிலிருந்து தப்பலாமா?

ஆகவே உங்கட கணக்கும் ஒப்பந்த விலையிலிருந்துதான் தொடங்கும். வேலை ஒழுங்காக முடிந்திருந்தால் கிடைத்திருக்கும் லாபத்தையும் கேட்கலாம். ஆனால் அந்த அலுமாரிகளை வேறொருவருக்கு விற்றால் அந்தக் காசு கழிபடும். விற்க முயலாமல் அடுக்கி வைத்தாலும், விற்றிருக்கக்கூடிய அளவைக் கழிப்பார்கள்.

வழக்குக்கு முன்னம் விக்டோரியச் சிறுவணிக ஆணையத்தின் சமரசத்தைப் பாருங்கோ, செலவு குறைவு. சரிவராவிட்டால் 100,000 டொலர் வரையான கோரிக்கைகளை நீதவான் நீதிமன்றம் கேட்கும். சாதாரண ஒப்பந்தத்துக்கு, மீறல் நடந்த நாளிலிருந்து ஆறு வருடம் இருக்கிறது. அந்த ஈமெயிலை மட்டும் சட்டத்தரணி ஒருவருக்குக் காட்டாமல் அனுப்பாதேங்கோ.