வசந்தம் இல்லாத நாட்டில் ஒரு வசந்தகாலக் கண்நோய்

நம் நாட்டில் வசந்தமும் இல்லை, கோடையும் இல்லை. வெயிலும் மழையும் மாறி மாறி வருவதைத்தான் நாம் பருவம் என்கிறோம். ஆனால், என் தம்பிக்கு வந்த கண்நோயின் பெயரிலேயே வசந்தம் இருக்கிறது. மருத்துவர்கள் அதனை ‘வெர்னல்’ கண் அழற்சி என்பர். ‘வெர்னல்’ என்றால் வசந்த காலத்துக்குரியது என்று பொருள். குளிர்நாடுகளில் வசந்தத்தில் தலைகாட்டி, கோடையில் கடுமையாவதால் இப்பெயர் வந்தது. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளிலோ அது ஆண்டு முழுவதும் தொல்லை தரக்கூடியது.

நான் மருத்துவ மாணவி அல்லள். இருப்பினும், இந்நோயைப் பற்றி எழுத எனக்கு ஒரு கடமை இருக்கிறது. அது ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

என்ன நோய் இது?

இது தொற்றுநோய் அன்று, ஓர் ஒவ்வாமை. பெரும்பாலும் பத்து வயதுக்கு முன்பே தொடங்குகிறது. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளையே அதிகம் தாக்குகிறது. பருவ வயதைக் கடந்த பின் பலருக்குத் தானே தணிந்துவிடும். ஆஸ்துமா, தோல் அரிப்பு போன்றவை குடும்பத்தில் இருந்தால் இதுவும் வர வாய்ப்புண்டு.

முதல் அடையாளம் தாங்க முடியாத அரிப்பு. கண் சிவக்கும், நூல் போன்ற பிசுபிசுப்பான பீளை வரும், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசும். மேல் இமையின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், கூழாங்கற்களைப் பரப்பியது போலச் சிறு புடைப்புகள் தெரியும். அவை கருவிழியில் உராய்ந்து புண்ணை உண்டாக்கவும் கூடும்.

நாம் ‘கண்வலி’ என்று சொல்லும் தொற்று வேறு. அது பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்குப் போகும். பிறகு வீட்டிலுள்ளவர்களுக்கும் பரவும். கண்வலி உள்ளவரைப் பார்த்தாலே தொற்றிக்கொள்ளும் என்பது உண்மையன்று. கை, துண்டு, தலையணை உறை ஆகியவற்றின் வழியாகவே அது பரவுகிறது. ஒவ்வாமையோ இரண்டு கண்களிலும் அரிப்போடு வந்து, போய், மீண்டும் வரும். யாருக்கும் பரவாது. என் தம்பியைத் தொடக்கப் பள்ளியில் பக்கத்தில் உட்கார விடாமல் ஒதுக்கிய நண்பர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. எங்களுக்கே தெரியாது.

கசக்குவதால் என்ன கெடுதல்?

ஒவ்வாமையின்போது கண்ணிலுள்ள சில அணுக்கள் ‘ஹிஸ்டமின்’ என்னும் பொருளை வெளிவிடுகின்றன. அதுவே அரிப்புக்குக் காரணம். கண்ணைக் கசக்கும்போது அந்த அணுக்கள் மேலும் உடைந்து, மேலும் ஹிஸ்டமின் கசிகிறது. ஒரு நிமிடம் சுகமாக இருக்கும். அடுத்த நிமிடம் அரிப்பு கூடிவிடும். ஆண்டுக்கணக்கில் இப்படிக் கசக்கினால் கருவிழி மெலிந்து கூம்பு போலப் புடைத்துவிடலாம். பிறகு சாதாரணக் கண்ணாடி அணிந்தாலும் பார்வை தெளியாது.

புகைமூட்டமும் தூசும் வெயிலும்

மே மாத இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலம். அப்போது மழை குறையும். சுமத்திராவிலும் களிமந்தானிலும் காடும் கரிநிலமும் எரிந்தால் அந்தப் புகை நம்மை வந்தடையும். 2005ஆம் ஆண்டு ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டு ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700ஐத் தாண்டியது. 100க்கு மேல் போனாலே காற்று உடல்நலத்திற்கு ஏற்றதன்று. 300க்கு மேல் ஆபத்தானது. புகையின் நுண்துகள்கள் கண்ணீர்ப் படலத்தைக் கெடுப்பதால், ஒவ்வாமை இல்லாதவருக்கும் கண் எரியும். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு எப்படியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புகை இல்லாத மாதங்களில் எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசுப் பூச்சிகளுக்கு நம் நாட்டின் ஈரப்பதமும் வெப்பமும் மிகவும் பிடித்தமானவை. அவை கண்ணுக்குத் தெரியாதவை, ஒவ்வாமையைத் தூண்டுபவை.

வெயிலையும் மறக்கக்கூடாது. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்வதால் நண்பகல் வெயிலில் புற ஊதாக் கதிர்கள் கடுமையாக இருக்கும். தோட்டத்தில் பல்லாண்டுகள் வெளிக்காட்டு வேலை செய்த என் பாட்டிக்குக் கண்ணின் வெள்ளைப் பகுதியிலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்ந்திருந்தது. வெயிலிலும் தூசியிலும் நெடுங்காலம் உழைப்பவர்களிடம் இதனை அதிகம் காணலாம்.

நான் வாங்கிய மருந்து

2019ஆம் ஆண்டு செப்டம்பரில் புகைமூட்டத்தால் பள்ளிகள் மூடப்பட்டன. நான் அப்போது நான்காம் படிவம். தம்பிக்கு எட்டு வயது. அவன் கண்கள் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்திருந்தன. அம்மா கிளினிக்குக்கு அழைத்துச் சென்றார். மருத்துவர் ஒரு சொட்டு மருந்தைக் கொடுத்து, ஒரு வாரம் மட்டும் விட்டுவிட்டு மீண்டும் வரச் சொன்னார். இரண்டே நாளில் கண் வெளுத்தது. நாங்கள் மீண்டும் போகவில்லை.

அடுத்த முறை கண் சிவந்தபோது அம்மா காலிப் புட்டியை என்னிடம் கொடுத்து, “இதே மருந்த வாங்கிட்டு வாம்மா” என்றார். ஒரு கடையில் சீட்டுக் கேட்காமலே கொடுத்தார்கள். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது கிளினிக்குக்குப் போகும் எண்ணமே எழவில்லை. புட்டி தீரத் தீர வாங்கினோம். எங்கள் வீட்டில் ஆங்கிலமும் மலாயும் சரளமாகப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கடிதமானாலும் பாரமானாலும் என்னிடம்தான் வரும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை மட்டும் நான் ஒருநாளும் விரித்துப் பார்க்கவில்லை.

அது ஸ்டீராய்டு மருந்து. அழற்சியை விரைவாக அடக்கும். மருத்துவர் கண்காணிப்பில் சில நாள் பயன்படுத்தினால் நல்ல மருந்துதான். மாதக்கணக்கில் விட்டால், கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறும் வழி அடைபட்டு அழுத்தம் ஏறலாம். ஏறிய அழுத்தம் பார்வை நரம்பை அரிக்கும். இதுவே கிளாக்கோமா. பெரும்பாலும் வலி இருக்காது. பார்வையின் ஓரங்கள் மெல்ல மறையும். போன பார்வை திரும்பாது. கண்புரையும் உண்டாகலாம். இதனால்தான் நம் நாட்டில் இம்மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது.

2020ஆம் ஆண்டு இறுதியில் கண் நிபுணர் தம்பியின் கண் அழுத்தத்தை அளந்தார். 21க்குள் இருக்க வேண்டியது 34 இருந்தது. எத்தனை நாளாக மருந்து விடுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அம்மாவுக்கு அதைத் தமிழில் சொன்னவள் நான். பதிலையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மருந்தை மாற்றினார்கள். சில வாரங்களில் அழுத்தம் இறங்கியது. பார்வை நரம்பு தப்பியது. எல்லாரும் அப்படித் தப்புவதில்லை என்று நிபுணர் சொன்னதை நான் மறக்கவில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை

1. அரிக்கும்போது கசக்காமல், குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை மூடிய கண் மேல் வையுங்கள்.

2. வெளியே போய் வந்ததும் கையையும் முகத்தையும் கழுவுங்கள். பாதுகாப்புப் பொருள் சேர்க்காத செயற்கைக் கண்ணீர் மருந்து ஒவ்வாமைத் துகள்களைக் கழுவ உதவும்.

3. படுக்கை விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒரு முறை 60 பாகை வெந்நீரில் துவையுங்கள்.

4. வெயிலில் அகன்ற விளிம்புத் தொப்பியும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் அணியுங்கள். கறுப்பாக இருப்பதெல்லாம் கதிரைத் தடுக்காது.

5. புகைமூட்ட நாள்களில் ஒட்டு வில்லையைத் தவிர்த்து மூக்குக் கண்ணாடி போடுங்கள். விடுதி நண்பர்களே, வில்லையைக் குழாய் நீரில் கழுவவே கூடாது.

6. சொட்டு மருந்துப் புட்டியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். பெரும்பாலானவற்றை நான்கு வாரத்தில் எறிந்துவிட வேண்டும். ஒருவர் மருந்தை இன்னொருவர் பயன்படுத்தக்கூடாது.

7. தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன் ஆகியவற்றைக் கண்ணில் விடாதீர்கள். அவற்றில் கிருமி இருக்கலாம்.

கண்ணில் வலி, பார்வை மங்கல், கருவிழியில் வெண்புள்ளி, வெளிச்சத்தில் கண் திறக்க முடியாமை ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஒவ்வாமை அணுக்களை அமைதிப்படுத்தும் ஸ்டீராய்டு இல்லாத சொட்டு மருந்துகள் உள்ளன. அவற்றைப் பற்றி மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

நிறைவாக

‘கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்’ என்பார்கள். இவ்விதழைப் படிக்கும் நம்மில் பலர், வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்தவர்கள். பெற்றோர் நம்மை நம்பித்தான் மருந்துப் பெட்டியை நீட்டுகிறார்கள். அடுத்த விடுமுறைக்கு வீடு திரும்பும்போது, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் செருகி வைத்திருக்கும் பழைய சொட்டு மருந்துகளை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் தாளை விரித்து, அம்மாவுக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். நான் தாமதமாகச் செய்த வேலை அது.