நாற்காலியிலிருந்து எழுவோம்

பாட்டி ஒரு நாள் வாசலில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் பயம் வந்துவிட்டது.

"அத்தை, நீங்க எழுந்திருக்காதீங்க. எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்றார் மருமகள். அன்பாகத்தான் சொன்னார். பாட்டி கட்டிலிலேயே இருந்தார். இரண்டு மாதம் சென்றது. அவரால் தனியாகக் கழிப்பறைக்குக்கூடப் போக முடியவில்லை.

ஏன் இப்படி ஆயிற்று?

வேலை இல்லாத தசை மெலிந்துபோகும். கால் தசை மெலிந்தால் நடை தள்ளாடும். தள்ளாடினால் மறுபடியும் விழ நேரும். விழுவோம் என்று பயந்து உட்கார்ந்தால், விழும் ஆபத்துதான் கூடுகிறது.

மெலிந்த தசை வயதான பிறகு தேறுமா? தேறும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் செய்த ஆய்வு ஒன்று 1990-இல் வெளிவந்தது. முதியோர் இல்லத்தில் இருந்த 10 பேர் அதில் சேர்ந்தார்கள். அவர்களுக்கு வயது சுமார் 90. எடையைக் காலால் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 9 பேர் 8 வாரம் முழுவதும் செய்தார்கள். அவர்களின் கால் வலு இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. இரண்டு பேர் கைத்தடி இல்லாமலே நடந்தார்கள்.

இத்தகைய பயிற்சியைச் சொல்லித் தருபவர் பிசியோதெரபிஸ்ட். மாவட்ட அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். பாட்டியை அங்கேதான் அழைத்துப் போனார்கள்.

அங்கே ஏழெட்டுப் பெரியவர்கள் வட்டமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் சேர்ந்து செய்தார்கள்:

1. நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து, மெல்ல உட்காருதல்.
2. உட்கார்ந்தபடி ஒவ்வொரு காலாக நீட்டி மடக்குதல்.
3. நாற்காலியின் முதுகைப் பிடித்து நின்று, குதிகாலை உயர்த்துதல்.

முதலில் 5 முறை. பழகப் பழக 10 முறை.

ஏன் கூட்டமாகச் செய்ய வேண்டும்? தனியாகச் செய்தால் சலித்துவிடும். கூட்டத்தில் பேச்சும் சிரிப்பும் உண்டு. ஒருவர் வராவிட்டால் மற்றவர் விசாரிப்பார். அதனால் பயிற்சி நிற்காது. வாரத்தில் 3 நாளாவது செய்வது நல்லது.

கவனம் தேவை. தொடங்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். ஆடாத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். பக்கத்தில் ஒருவர் நில்லுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்துங்கள்.

மூன்று மாதம் ஆயிற்று. இப்போது பாட்டி தானே கழிப்பறைக்குப் போகிறார். "உட்காருங்க அத்தை" என்று மருமகள் சொல்வதில்லை. "வாங்க அத்தை, வாசல் வரைக்கும் நடக்கலாம்" என்கிறார்.

உங்கள் வீட்டுப் பெரியவரிடம் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?