முன்னோர் பணியைக் காத்தல்

சேலத்திற்கு மேற்கே உள்ள தாரமங்கலத்தில் கைலாசநாதர் கோயில் விளங்குகின்றது. யாளியின் வாயினுள் உருளும் கல்லுருண்டையும், கல்லிற் கடைந்த சங்கிலியும் காண்பார் உள்ளத்தைக் கவர்வன. நாயக்கர் காலத்தில் இப்பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் என்னும் குறுநிலத் தலைவர் இக்கோயிலைப் பொலிவுறச் செய்தனர். நாமக்கல் மலையைக் குடைந்து, எட்டாம் நூற்றாண்டில் திருமாலுக்குக் கோயில் கண்டோர் அதியர் மரபினர். செய்தவர் மறைந்தனர், கற்கள் நிற்கின்றன. அக்கற்களைக் காப்போர் யாவர்?

அரசர் மறைந்தபின் அப்பணியை வணிகர் ஏற்றனர். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் ஈட்டிய ஊதியத்தில் ஒரு பகுதியை 'மகமை' என ஒதுக்கினர். சிதம்பரம், மதுரை, திருவண்ணாமலை முதலிய தலங்களின் திருப்பணிகளுக்கு அப்பொருள் பயன்பட்டது.

இவ்வண்மை நம் நாட்டிற்கே உரியதன்று. உரோம் நகரில் கி.பி. 80ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கொலோசியம் என்னும் பேரரங்கு புகைபடிந்து கறுத்திருந்தது. காலணித் தொழில் நடத்தும் இத்தாலியச் செல்வர் ஒருவர் அதனைச் சீர்செய்ய 2011ஆம் ஆண்டில் இரண்டரைக் கோடி யூரோ அளிக்க உடன்பட்டார். அந்நகரிலுள்ள செசுடியசு கூர்ங்கோபுரத்தைச் சப்பானிய ஆடை வணிகர் ஒருவர் தம் பொருளால் புதுப்பித்தார். அப்பணி 2015இல் நிறைவுற்றது. பிறநாட்டார் சின்னத்தையும் தமதெனப் பேணிய அவ்வுள்ளம் போற்றத்தக்கதன்றோ!

ஆயினும், பொருள் ஈவது மட்டும் போதாது. புதுக்குதல் வேறு, காத்தல் வேறு. நகரத்தார் திருப்பணிகளில் பழைய கட்டடங்கள் சில அகற்றப்பட்டுப் புதிய கற்றளிகள் எழுந்தன. அவற்றோடு பழங்கல்வெட்டுகள் சிலவும் மறைந்தன. யான் இளமையில் படித்தறிந்த கல்வெட்டொன்று, அன்பர் ஒருவரின் நன்கொடையால் வழவழப்பான ஓடு பதித்து மூடப்பட்டதைப் பின்னாளில் கண்டு வருந்தினேன். கொடுத்தவர் நெஞ்சில் தீமை இல்லை, அறியாமையே இருந்தது. ஊரார் ஏரி வெட்டியதும், விளக்கெரிக்க ஆடு அளித்ததும் கல்வெட்டுகளாலன்றோ அறிகின்றோம்!

மணலை விசையுடன் வீசிக் கல்லைத் தூய்மை செய்தால், அழுக்குடன் கல்லின் மேற்பரப்பும் தேயும், எழுத்து மழுங்கும். கொலோசியத்தின் கற்களையோ, நுண்ணிய நீர்த்துளிகளைத் தூவி, மாசினைப் பையப் பைய நெகிழ்த்தி அகற்றினர். விரைவு அவர்க்கு நோக்கமன்று; கல்லே நோக்கமாயிற்று.

இந்திய அரசு 1996ஆம் ஆண்டில் தேசியப் பண்பாட்டு நிதியத்தை நிறுவியது. தனியார் தாம் விரும்பும் தொன்மைச் சின்னத்திற்கு அதன்வழிப் பொருளுதவி செய்யலாம். செல்வர் பொருளும் வல்லுநர் அறிவும் ஒன்றுகூடுதலே சிறந்த நெறியாகும்.

நம் பழங்கல்வெட்டுகளின் இறுதியில், இவ்வறத்தைக் காப்பவருடைய திருவடிகள் தம் தலைமேல் இருப்பனவாக என்று கொடையாளர் பணிந்து வேண்டுவதைக் காணலாம். கொடுத்த பெருமக்களே காப்போரை அவ்வாறு வணங்கினர். அவ்வணக்கத்திற்குரியவராய் வாழ்தல் நம் கடனாகும்.