ஜீப்புக்குக் குதிரைச் சக்தி கூடியது எப்படி?

பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைக் காலம் வந்துவிட்டால் போதும். டிராக்டர்கள் வரிசை வரிசையாக வரும். ஒவ்வொன்றின் பின்னாலும் மலை போல் கரும்புப் பாரம்!

டிராக்டர் பறந்தா போகிறது? இல்லை. ஆமை போல் ஊர்ந்து போகிறது. ஆனால் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

அந்த டிராக்டரின் என்ஜினுக்கு 45 அல்லது 50 குதிரைச் சக்தி இருக்கும். 80 குதிரைச் சக்தி உள்ள ஒரு காரை அந்தப் பாரத்தில் பூட்டிப் பாருங்கள். சேற்றில் சக்கரம் சுழலுமே தவிர, பாரம் நகராது!

இது ஏன்? இதைத் தெரிந்துகொண்டவர்தான் ஜீப்பின் என்ஜினுக்கு வலு ஏற்ற முடியும். தெரியாமல் கை வைத்தால் பணமும் போகும், என்ஜினும் போகும்.

வலு வேறு, வேகம் வேறு

75 கிலோ எடையை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால், அது ஒரு குதிரைச் சக்தி.

இந்தச் சக்தியில் இரண்டு சங்கதிகள் கலந்திருக்கின்றன. ஒன்று, என்ஜின் எவ்வளவு பலமாக முறுக்குகிறது என்பது. மெக்கானிக்குகள் இதை 'இழுவை' என்பார்கள். மற்றொன்று, என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் குதிரைச் சக்தி.

ரேக்ளா மாடும் மாடுதான். பார வண்டி இழுக்கும் மாடும் மாடுதான். ஆனால் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது அல்லவா? கார் என்ஜின் ரேக்ளா மாடு. டிராக்டர் என்ஜின் பார மாடு. டிராக்டருக்குப் பல்சக்கரங்களும், பெரிய டயரும், சொந்த எடையும் துணை நிற்கின்றன.

காட்டிலும் மேட்டிலும் போகும் ஜீப் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதற்குக் கொஞ்சம் வேகமும் வேண்டும். நிறைய இழுவையும் வேண்டும். அதனால்தான் ஜீப் என்ஜினுக்கு வலு ஏற்றுவது சிக்கலான வேலை.

இந்த வேலையை முதன்முதலில் திட்டம் போட்டுச் செய்து காட்டியவர் ஓர் அமெரிக்க என்ஜினீயர்.

பழைய என்ஜின், புதிய மூளை

அவர் பெயர் டெல்மர் ரூஸ். 'பார்னி' என்று செல்லமாக அழைப்பார்கள். 1938-ல் அவர் வில்லிஸ் மோட்டார் கம்பெனியில் தலைமை என்ஜினீயராகச் சேர்ந்தார். அமெரிக்காவில் டொலிடோ நகரில் இருந்த கம்பெனி அது.

அப்போது கம்பெனியின் நிலைமை மோசம். புதிய என்ஜின் செய்யப் பணம் இல்லை. இருந்தது ஒரே ஒரு பழைய நாலு சிலிண்டர் என்ஜின். 1926-ல் வந்த 'விப்பெட்' என்ற சின்னக் காருக்காகச் செய்தது. நிமிடத்துக்கு 3,200 சுற்றில் 48 குதிரைச் சக்தி கொடுக்கும். அதற்கு மேல் விரட்டினால் தாங்காது.

ரூஸ் ஒரு குறி வைத்தார். அதே என்ஜின், அதே அளவு. ஆனால் 4,000 சுற்றில் 60 குதிரைச் சக்தி தரவேண்டும்!

800 சுற்று கூடுவது சின்னக் காரியமா? பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. ஒவ்வொரு முறையும் நின்று திரும்புகிறது. 4,000 சுற்று என்றால் வினாடிக்கு 66 முறை மேலே போய்க் கீழே வர வேண்டும். வேகம் கால் பங்கு கூடினால், பிஸ்டன் கம்பியை இழுக்கும் விசை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும்! என்ஜின் சிதறுவது இதனால்தான்.

ரூஸ் பெரிய மாயம் எதுவும் செய்யவில்லை. கனமான பிஸ்டனை எடுத்துவிட்டு அலுமினியப் பிஸ்டன் போட்டார். உறுதியான உலோகக் கலவைகளைப் பயன்படுத்தினார். பாகங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியை இன்னும் துல்லியமாக்கினார். சுழலும் கனச் சக்கரத்தின் எடையை 57 பவுண்டிலிருந்து 31 பவுண்டாகக் குறைத்தார்.

48 குதிரைச் சக்தி 60 ஆயிற்று. 'கோ டெவில்' என்று அதற்குப் பெயர் வந்தது.

எடையா, என்ஜினா?

1940-ல் அமெரிக்க ராணுவம் ஓர் அறிவிப்புச் செய்தது. நாலு சக்கரமும் இழுக்கும் சின்ன வண்டி ஒன்று வேண்டும் என்று கேட்டது. பாண்டம், வில்லிஸ், போர்டு என்ற மூன்று கம்பெனிகள் போட்டிக்கு வந்தன.

சோதனையில் வில்லிஸ் வண்டியின் என்ஜின்தான் மற்ற இரண்டையும் தூக்கி அடித்தது. ஆனால் ஓர் இடி விழுந்தது. வண்டி 2,160 பவுண்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்று ராணுவம் சொல்லிவிட்டது. வில்லிஸ் வண்டியோ அதைவிடக் கனம்!

சின்ன என்ஜினுக்கு மாறினால் எடை குறையும். ஆனால் பலமும் போய்விடும். ரூஸ் என்ன செய்தார் தெரியுமா?

என்ஜினைத் தொடவில்லை. வண்டியைத் துண்டு துண்டாகக் கழற்றினார். ஒவ்வொரு பாகத்தையும் எடை போட்டார். நீளமான போல்ட்டுகளின் நுனியை வெட்டினார். பெயிண்டைக்கூட மெல்லிசாக அடித்தார். வண்டி அளவுக்குள் அடங்கியது!

அந்த வண்டிதான் ஜீப். யுத்தம் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் உருவாயின. போர்டு கம்பெனியும் வில்லிஸ் மாதிரியையே செய்தது.

1940-களின் கடைசியில் பம்பாயில் மகிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. கலெக்டர் ஜீப், தாசில்தார் ஜீப், போலீஸ் ஜீப் என்று அது தமிழ்நாட்டுக் கிராமம் ஒவ்வொன்றுக்கும் வந்து போயிற்று.

முதலில் அளந்து பார்!

இன்று பழைய ஜீப் ஒன்றை வாங்கி, அதைச் சேற்றிலும் பாறையிலும் ஓட்டும் போட்டிக்குத் தயார் செய்ய ஆசைப்படும் வாலிபர்கள் பலர். ஆசை நல்லதுதான். ஆனால் பலர் செய்யும் முதல் தவறு, கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவது!

முதலில் வாங்க வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம். வண்டி எங்கே ஓடப் போகிறது? கரிசல் சேற்றிலா, மணலிலா, மலை ஏற்றத்திலா? இதை முதல் பக்கத்தில் எழுத வேண்டும். சேற்றிலும் பாறையிலும் ஊர்வதற்கு 2,000 சுற்றில் கிடைக்கும் இழுவைதான் முக்கியம். பழைய ஜீப் என்ஜினின் முழு இழுவையும் அந்தச் சுற்றில்தான் வந்தது. அப்போது அதன் சக்தி 40 குதிரைதான். காடு மேடு ஏற அதுவே போதுமானதாக இருந்தது!

அடுத்து, என்ஜின் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எவ்வளவு? ரிங் தேய்ந்திருக்கிறதா? வால்வு சரியாக மூடுகிறதா? ஆயில் அழுத்தம் உண்டா? 60 குதிரை என்ஜின் தேய்ந்து போய் 45 குதிரைதான் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இழந்த 15 குதிரையை மீட்பதுதான் முதல் லாபம். அதற்கு வெளிநாட்டுச் சாமான் எதுவும் வேண்டாம்.

போர் போட்டால் போதுமா?

"சிலிண்டரைப் பெரிதாக்கிப் போர் போட்டால் பலம் கூடும்" என்பது பட்டறைப் பேச்சு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கோ டெவில் என்ஜினின் சிலிண்டர் அகலம் சுமார் 79 மில்லிமீட்டர். கொள்ளளவு சுமார் 2,200 சி.சி. அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் கூட்டினால், கொள்ளளவு 56 சி.சி. கூடும். அதாவது நூற்றுக்கு இரண்டரை. 60 குதிரை 61½ ஆகும். அவ்வளவுதான்! தேய்மானத்தைச் சரி செய்யப் போர் போடலாம். பலத்துக்காகப் போடுவது வீண்.

என்ஜின் நன்றாக மூச்சு விடுவதுதான் பெரிய விஷயம். இதற்கும் ஜீப்பே சாட்சி. 1950-ல் வில்லிஸ் கம்பெனி 'ஹரிக்கேன்' என்ற என்ஜினைக் கொண்டுவந்தது. சிலிண்டரின் அளவை மாற்றவில்லை. காற்று நுழையும் வால்வைப் பக்கத்திலிருந்து மேலே ஹெட்டுக்கு மாற்றினார்கள். கம்ப்ரஷனையும் கொஞ்சம் உயர்த்தினார்கள். சக்தி 70 குதிரையைத் தாண்டிவிட்டது!

ஆனால் கம்ப்ரஷனை இஷ்டப்படி உயர்த்தக்கூடாது. பெட்ரோல் முன்கூட்டியே வெடித்து, என்ஜின் 'டக் டக்' என்று தட்டும். பிஸ்டன் ஓட்டையாகிவிடும். ஹெட்டைச் செதுக்கினால், செதுக்கிய இரும்பை மறுபடி ஒட்ட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்யவேண்டும்.

காற்று வடிகட்டியும் அப்படித்தான். அதைக் கழற்றி எறிந்தால் பலம் கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். புழுதிக் காட்டில் அப்படி ஓட்டினால் புது ரிங் சீக்கிரமே தேய்ந்து போகும்.

பிரேக் முதலில், பலம் அப்புறம்

என்ஜின் தனியாக வண்டி ஓட்டுவதில்லை. பலம் கூடினால் சூடும் கூடும். ரேடியேட்டர் தாங்க வேண்டும். கிளட்ச் வழுக்கக்கூடாது. கியர்ப் பெட்டியும் அச்சும் ஒடியக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிரேக் பிடிக்க வேண்டும்!

ஆகவே செலவு வரிசை இதுதான்: முதலில் பிரேக், ஸ்டீரிங், டயர். பிறகு ரேடியேட்டர். பிறகு கிளட்ச், கியர், அச்சு. கடைசியில்தான் என்ஜின். கையில் உள்ள பணத்தில் நாலில் ஒரு பங்கைத் தொடாமல் வைப்பது நல்லது. என்ஜினைப் பிரித்த பிறகுதான் அதற்குள் இருக்கும் விரிசல் தெரியும். பணம் தீர்ந்து, பாதியில் நின்று, மூட்டையில் கட்டிக் கிடக்கும் என்ஜின்கள் எத்தனையோ!

சட்டத்தையும் மறக்கக்கூடாது. பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை அனுமதி இல்லாமல் மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019-ல் வந்த திருத்தத்தின்படி, மீறிய சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். ஆகவே போட்டி ஜீப்பின் இடம் போட்டி மைதானம்தான். அங்கே அதை லாரியில் ஏற்றிக் கொண்டுபோவதே முறை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் வண்டி வேறாக இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் அவசரம் கூடாது. புது ரிங் சிலிண்டரோடு பழக வேண்டும். முதலில் மெதுவாக ஓட்டி, ஆயிலை மாற்றி, போல்ட்டுகளை மறுபடி பார்த்த பிறகுதான் முழு வேகம்.

டெல்மர் ரூஸ் 1960-ல் காலமானார். கையில் பணம் இல்லாத கம்பெனி; பழைய என்ஜின் ஒன்றே சொத்து. ஆனால் அவரிடம் என்ன வேண்டும் என்ற தெளிவு இருந்தது. ஒவ்வொரு பாகத்தையும் எடை போட்டுப் பார்க்கும் பொறுமை இருந்தது.

எறையூர்ச் சாலையில் கரும்பு இழுக்கும் டிராக்டரும் அதே பாடத்தைத்தான் சொல்கிறது. எத்தனை குதிரை என்பதல்ல கேள்வி. எந்த வேலைக்கு என்பதுதான் கேள்வி!