செம்மையை அடக்கும் பச்சை

கூந்தலுக்குப் பழுப்புச் சாயம் ஏற்றும்போது வேண்டாத செம்மை தலைகாட்டுவது ஏன் என்று மாணவர்கள் என்னை வினவுவதுண்டு. விடை மயிரிலேயே இருக்கிறது. கருங்கூந்தலின் நிறம் மெலனின் என்னும் நிறமியால் அமைவது. நிலையான சாயத்தோடு சேர்க்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு அக்கருமையைச் சிதைக்க, அடியிலுள்ள செம்மை வெளிப்படுகிறது. செம்மை கலந்த பழுப்பையே மீண்டும் பூசினால் குறை தீராது.

ஓவியர்தம் வண்ணச் சக்கரத்தில் சிவப்புக்கு எதிரே நிற்பது பச்சை. ஆரஞ்சுக்கு எதிரே நீலம். எதிர்நிறங்கள் கலந்தால் ஒன்றையொன்று அடக்கும். ஆதலால் பச்சைச் சாயல் சிறிது கொண்ட பழுப்பையே தேர்தல் வேண்டும். மருதோன்றியின் செம்மைமேல் அவுரியின் நீலம் படியப் பழுப்பு பிறப்பதும் இவ்விதியாலேயே.

எச்சரிக்கை ஒன்றும் சொல்வேன். சாயங்கள் பலவற்றிலுள்ள பாராஃபினைலீன்டயமின் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். 48 மணி நேரம் முன்னதாகத் தோலில் சிறிது தடவிச் சோதித்த பின்னரே தலையில் இடுக.