மோட்டார் சைக்கிளின் மூச்சுக்குழாய்

தெருவில் நிற்கும் மோட்டார் சைக்கிள் ஒன்றின் பெட்ரோல் டாங்கிற்கு அடியில் குனிந்து பாருங்கள். எஞ்சினுக்குப் பின்னால் ஒரு சிறு உலோகக் கிண்ணம் தொங்கும். அதுவே கார்புரேட்டர். அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே, உங்கள் கட்டை விரல் நீளமே உள்ள ஒரு கறுப்பு ரப்பர் குழாயும் தெரியும். நெடுந்தூரம் செல்வதற்கென்று வாங்கிய வண்டியில் இதைவிட மலிவான பாகங்கள் சிலவே இருக்கும். ஆனால் இதில் ஒரு மயிரிழை வெடிப்பு விழுந்தால் எஞ்சினுக்கு என்ன நேரும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும்.

எஞ்சினைப் பெட்ரோல் குடிக்கும் பொறி என்று சொல்வது வழக்கம். உண்மையில் அது காற்றைக் குடிக்கும் பொறியாகும். ஒரு கிராம் பெட்ரோல் முழுவதும் எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். இந்த விகிதத்தைக் காப்பதே கார்புரேட்டரின் வேலை. அதன் நடுவே குழாய் ஒடுங்கியிருக்கிறது. ஒடுங்கிய இடத்தில் காற்று விரைந்து ஓடுவதால் அங்கே அழுத்தம் குறைகிறது. பெர்னோலி தத்துவத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். குறைந்த அழுத்தம் கிண்ணத்திலிருந்து பெட்ரோலை நுண்துளை வழியே மேலே இழுக்கிறது. காற்று அதிகமாக ஓடினால் பெட்ரோலும் அதிகம் வரும், குறைவாக ஓடினால் குறையும். ஆகவே கார்புரேட்டரை ஒரு தராசு என்றே சொல்லலாம். ஆனால் தன் வழியே போகும் காற்றை மட்டுமே அதனால் எடை போட முடியும். தனக்குப் பின்னால், ரப்பர் குழாயின் வெடிப்பு வழியே திருட்டுத்தனமாக நுழையும் காற்றை அது அறியாது.

அந்தத் திருட்டுக் காற்று எவ்வளவு இருக்கும்? ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு போன்ற 350 வகை வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டரின் கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். வண்டி நின்றபடி மெதுவாக ஓடும்போது எஞ்சின் நிமிடத்திற்குச் சுமார் 1000 முறை சுற்றுகிறது. இது நான்கு வீச்சு எஞ்சின். எனவே இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் மூச்சு இழுக்கும். அதாவது நிமிடத்திற்கு 500 மூச்சு. ஒவ்வொரு மூச்சும் முழு மூச்சாக இருந்தால் 173 லிட்டர் காற்று உள்ளே போக வேண்டும். ஆனால் அப்போது கார்புரேட்டரின் கதவு கிட்டத்தட்ட மூடியிருப்பதால், அதற்கு அப்பால் ரப்பர் குழாய்க்குள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். ஆகவே நிமிடத்திற்கு 60 லிட்டர், அதாவது நொடிக்கு ஒரு லிட்டர் காற்றுதான் உள்ளே செல்கிறது.

இப்போது ரப்பரில் 10 மில்லிமீட்டர் நீளமும் 0.1 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு வெடிப்பு இருப்பதாகக் கொள்வோம். பரப்பளவு ஒரு சதுர மில்லிமீட்டர்தான். வெளியே முழு வளிமண்டலம் அழுத்துகிறது, உள்ளே அழுத்தம் மூன்றில் ஒன்று. இவ்வளவு வேறுபாடு இருந்தால் காற்று ஏறக்குறைய ஒலியின் வேகத்தில், நொடிக்குச் சுமார் 300 மீட்டர் விரைவில் பாயும். வெடிப்பினுள் காற்று அடர்த்தி குறைவதையும் அதன் தாரை சுருங்குவதையும் கழித்துவிட்டால், நொடிக்கு 0.15 லிட்டர் காற்று நுழைகிறது என்று தோராயமாகச் சொல்லலாம். கார்புரேட்டர் எடை போட்டது ஒரு லிட்டர், உள்ளே போனதோ 1.15 லிட்டர்! 14.7 என்ற விகிதம் 17-ஐத் தொட்டுவிடுகிறது. இப்படிப் பெட்ரோல் குறைந்த கலவையை மெக்கானிக்குகள் 'லீன்' என்பார்கள்.

இதே வண்டி சாலையில் 4000 சுற்று வேகத்தில் ஓடும்போது நொடிக்கு ஏறத்தாழ ஏழு லிட்டர் காற்றை இழுக்கும். வெடிப்பு வழியே வருவது அதே 0.15 லிட்டர்தான். இரண்டு சதவிகிதம்! எஞ்சின் அதைப் பொருட்படுத்தாது. எனவேதான் "ஓடும்போது நன்றாக ஓடுகிறது, சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது" என்று பலர் குறைப்படுகிறார்கள். 'ஓடும்போது சரியாக இருக்கிறதே' என்று அதை அப்படியே விட்டுவிடுபவர்களும் உண்டு. அது சரியன்று. வெடிப்பு வளரும் தன்மையுடையது. அதன் உதடுகள் ஒரு மில்லிமீட்டர் விலகிவிட்டால் பரப்பு பத்து மடங்காகிறது, நுழையும் காற்று ஒன்றரை லிட்டராகிறது. அப்போது ஓடும் வேகத்திலும் ஐந்தில் ஒரு பங்கு காற்று பெட்ரோல் இல்லாமலே சிலிண்டருக்குள் போகும்.

பெட்ரோல் குறைந்தால் சிக்கனம்தானே என்று நினைக்கலாம். காற்றால் குளிரும் எஞ்சின்களில் கலவையைச் சற்றுச் செழிப்பாகவே வைத்திருப்பார்கள். ஆவியாகும் பெட்ரோல் வெப்பத்தை உறிஞ்சிக் குளிர்விக்கிறது என்பது ஒரு காரணம். கலவை லீனானால் அந்தக் குளிர்ச்சி குறைகிறது. சுடரும் மெதுவாகப் பரவுகிறது. புகை வால்வு திறக்கும்போதுகூட எரிதல் முடிந்திருக்காது. வால்வும் பிஸ்டனின் தலையும் அளவு மீறிச் சூடேறுகின்றன. பாரத்துடன் மலையேறும்போது இது நீடித்தால் பிஸ்டன் ஓட்டையாவதும் உண்டு. இன்னொரு அபாயம் ஓட்டுபவருக்கே நேரக்கூடியது. ஆக்சிலரேட்டரை முழுவதும் விட்ட பிறகும், கதவைச் சுற்றிக்கொண்டு வரும் காற்றினால் எஞ்சினின் வேகம் உடனே தணியாமல் போகலாம். வளைவு ஒன்றை நெருங்கும் வேளையில் இது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவு தொல்லை தரும் ரப்பரை ஏன் வைக்க வேண்டும்? அலுமினியக் குழாயே போட்டுவிடலாமே? இரண்டு காரணங்கள் தடுக்கின்றன. முதலாவது அதிர்வு. எஞ்சினோடு சேர்ந்து கிண்ணமும் குலுங்கினால் உள்ளிருக்கும் பெட்ரோல் நுரைத்துவிடும்; நுரையை வைத்து அளவு பார்க்க முடியாது. இரண்டாவது வெப்பம். அலுமினியம் ரப்பரைவிடப் பல நூறு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். சிலிண்டரின் சூடு கார்புரேட்டருக்கு ஏறினால் பெட்ரோல் கிண்ணத்திலேயே ஆவியாகத் தொடங்கும். ஆகவே வளையக்கூடிய, வெப்பம் கடத்தாத ஒரு பொருள் வேண்டியிருக்கிறது.

ஆனால் ரப்பர் மூப்படையும் பொருள். அதன் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி. அதில் இடையிடையே கார்பன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் சேர்ந்திருக்கின்றன. அந்த இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் தேடி வந்து வெட்டுகிறது. வான மேலடுக்கில் நம்மைக் காக்கும் அதே ஓசோன்தான்! தரையருகே பத்துக் கோடிப் பங்கு காற்றில் சில பங்குகளே இருந்தாலும் அது போதும். இழுவிசை இல்லாத ரப்பரில் இந்த வெட்டு மேற்பரப்போடு நின்றுவிடும். இழுபட்டிருக்கும் ரப்பரிலோ அறுந்த முனைகள் விலகி, புதிய ரப்பர் வெளியே தெரிந்து, அதையும் ஓசோன் வெட்ட, வெடிப்பு ஆழமாகிக்கொண்டே போகும். வெடிப்புகள் எப்போதும் இழுவிசைக்குக் குறுக்காகவே விழும்.

இதை வீட்டிலேயே நீங்கள் சோதிக்கலாம். ஒரே பொட்டலத்திலிருந்து இரண்டு ரப்பர் பேண்டுகளை எடுத்து, ஒன்றை ஒரு டம்ளரில் இறுக்கமாக மாட்டி, மற்றதைத் தளர்வாக அதன் அருகிலேயே, மழை படாத ஜன்னல் ஓரத்தில் வையுங்கள். சில வாரம் கழித்து உருப்பெருக்கி லென்ஸால் இரண்டையும் பாருங்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் வெற்றிடப் பம்பின் ரப்பர் குழாய்கள் எப்போதும் கண்ணாடி முனையின் மேல் இழுத்துச் செருகிய இடத்தில்தான் முதலில் வெடிக்கும். பட்டப்படிப்பு மாணவர்கள்கூடப் பம்பு கெட்டுவிட்டதாகவே முதலில் நினைப்பார்கள்.

பெட்ரோல் வேறு வகையான பகை. இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். ஆகவே பெட்ரோல் படும் பாகங்களுக்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரைப் பயன்படுத்துகிறார்கள். அது பெட்ரோலைத் தாங்கும், ஓசோனை அவ்வளவாகத் தாங்காது. ஓசோனை நன்கு தாங்கும் ஈ.பி.டி.எம். என்ற ரப்பரோ பெட்ரோலில் உப்பும். எல்லாவற்றையும் தாங்கும் மலிவான ரப்பர் ஒன்று கிடையாது.

சரி, வண்டியை எப்படிச் சோதிப்பது? உங்களுக்கு ஓட்டுநர் உரிமம் கிடைக்க இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம். ஆனால் அப்பாவோ மாமாவோ நெடும்பயணம் கிளம்பும் முன் நீங்கள் டார்ச் பிடிக்கலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரப்பர் குழாயை விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். நேராக இருக்கையில் மூடிக்கொண்டிருக்கும் வெடிப்பு, வளைக்கும்போது வாய் திறக்கும். அடிப்பக்கத்தையும், கிளாம்ப் இறுக்கிய விளிம்பையும் மறக்க வேண்டாம். இழுவிசை மிகுந்த இடங்கள் அவையே. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மீள வேண்டும். மரம்போல் இருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, குழாயைச் சுற்றிச் சோப்பு நீரைச் சிறிது சிறிதாகத் தெளிக்க வேண்டும். நீர் வெடிப்பை ஒரு கணம் அடைத்தால் எஞ்சினின் ஒலி மாறும். சில பட்டறைகளில் இதற்குப் பெட்ரோலையோ எளிதில் தீப்பற்றும் திரவங்களையோ பீய்ச்சுகிறார்கள். சூடான எஞ்சினின் மேல் அதைச் செய்வது தீயை அழைப்பதாகும். நீங்கள் ஒருபோதும் செய்யாதீர்கள்.

கார்புரேட்டருக்குப் பின்னால், காற்று வடிகட்டிப் பெட்டிக்குப் போகும் இன்னொரு ரப்பர் குழாயும் உண்டு. அது வெடித்தால் கலவை பெரிதாகக் கெடாது, ஏனெனில் அந்தக் காற்று தராசைக் கடந்தே செல்கிறது. ஆனால் வடிகட்டாத தூசி பிஸ்டனையும் சிலிண்டரையும் அரம்போல் தேய்க்கும். மூன்றாவதாக, மாறா வெற்றிட வகைக் கார்புரேட்டரின் மேல்மூடிக்குள் ஒரு மெல்லிய ரப்பர் சவ்வு இருக்கிறது. காற்றழுத்த வேறுபாடு இந்தச் சவ்வைத் தூக்க, அதனுடன் சேர்ந்த சிறு பிஸ்டன் உயர்ந்து வழியைத் திறக்கிறது. சவ்வில் ஓர் ஊசித்துளை விழுந்தாலும் பிஸ்டன் முழுவதும் எழாது. எவ்வளவு முறுக்கினாலும் வண்டி மேட்டில் இழுக்காது. கழற்றி வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் துளை நட்சத்திரம்போல் தெரியும்.

வெடித்த குழாயின் மேல் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிக் கட்டுவது ஊர் போய்ச் சேர உதவும், அவ்வளவே. டியூப் ரப்பரும் பெட்ரோலில் உப்பிவிடும். புதிய குழாய்தான் தீர்வு. கடையில் வாங்கும்போதே வளைத்துப் பாருங்கள்; அலமாரியில் பல ஆண்டுகள் கிடந்த ரப்பரும் மூப்படைந்திருக்கும்.

மாற்றும் வேலையை விவரம் தெரிந்த பெரியவர் செய்யட்டும். பெட்ரோல் குழாயை மூடி, கிளாம்புகளைத் தளர்த்திக் கழற்றியவுடன், எஞ்சினின் திறந்த வாயைச் சுத்தமான துணியால் அடைக்க வேண்டும். ஒரு திருகாணி உள்ளே விழுந்தால் செலவு ரப்பரோடு நிற்காது. உலோக முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய துணுக்குகளைக் கீறாமல் சுரண்டி, வளையத்தையும் புதிதாகப் போட வேண்டும். புதிய ரப்பர் விறைப்பாக இருந்தால் வெந்நீரில் சில நிமிடம் போட்டுத் துடைத்தால் இளகும். வழுக்கிச் செல்லச் சோப்பு நீர் போதும், கிரீஸ் வேண்டாம். போல்ட்டுகளை ஒரே பக்கமாக இறுக்காமல் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். கிளாம்பை ரப்பர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால், அடுத்த வெடிப்புக்கு நாமே இழுவிசை தந்தவர்களாவோம்.

துணியை எடுக்க மறக்காமல் பொருத்தி முடித்த பின், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் கிளாம்பை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்தியாவில் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் புதிய வண்டிகளில் கார்புரேட்டரின் இடத்தைப் பெட்ரோல் ஊசிமுறை பிடித்துக்கொண்டது. ஆயினும் ரப்பர் குழாய் போகவில்லை. கழற்றிய பழைய குழாயை எறிந்துவிடாதீர்கள். பிளேடால் நீளவாக்கில் அறுத்து, லென்ஸை வைத்து வெடிப்புகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பாருங்கள். கிளாம்ப் எந்தப் பக்கம் இழுத்தது என்பதை அவை சொல்லும்.