கல்லறைக்குக் கேட்ட சம்மதம்

மண்ணும் மாநிலமும் – 17

1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க் ஊரில் ஆப்ரஹாம் லிங்கன் பேசிய சில நிமிடப் பேச்சை உலகமே அறியும். அன்று அவர் நின்று பேசிய மண் யாருடையது என்பது பலருக்குத் தெரியாது. ஒரு நாட்டின் ஜனாதிபதி, தன் படைவீரர்களுக்கான கல்லறைத் தோட்டத்தை அர்ப்பணிக்க வந்திருந்தார். அந்த இடமோ அவருடைய மத்திய அரசுக்குச் சொந்தமானதல்ல. பென்சில்வேனியா மாநிலம் விலைகொடுத்து வாங்கிய நிலம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, அந்த ஜூலை மாதம் அங்கே மூன்று நாள் நடந்த சண்டையில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். விழுந்த இடத்திலேயே அவசரமாகக் குழி தோண்டி மூடியிருந்தார்கள். மழை பெய்து மேல்மண் கரைந்ததும் உடல்கள் வெளியே தெரிய ஆரம்பித்தன. உள்ளூர் வக்கீல் டேவிட் வில்ஸ், ஆளுநர் ஆண்ட்ரூ கர்ட்டினுக்கு நிலைமையை எழுதினார். மாநிலத்தின் சார்பில் 17 ஏக்கர் கிரயமானது. மத்திய அரசின் தரப்பான யூனியன் பக்கம் நின்று வீரர்களைப் பலிகொடுத்த 18 மாநிலங்கள் செலவைப் பகிர்ந்துகொண்டன. உடல்களைத் தோண்டி எடுத்து, புதிய இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் வேலை, பேசில் பிக்ஸ் என்ற கறுப்பின விவசாயியும் அவரோடு சேர்ந்த ஆட்களும் செய்தது. சாமுவேல் வீவர் என்பவர் ஒவ்வொரு குழியருகிலும் நின்று, சட்டைப் பைகளைத் துழாவி, கடிதமோ, பைபிளோ, பெயர் எழுதிய பொருளோ கிடைக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டார். கையில் எதுவும் சிக்காதவர்கள் 'அடையாளம் தெரியாதவர்' வரிசைக்குப் போனார்கள்.

இத்தனையும் மாநிலத்தின் ஏற்பாடு. இந்தக் கல்லறைத் தோட்டம் மத்திய அரசின் கைக்கு வந்தது 1872 மே மாதம். இடையில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள். போரில் ஜெயித்த அரசு, தன் வீரர்கள் கிடக்கும் மண்ணை ஓர் உத்தரவு போட்டு எடுத்துக்கொண்டிருக்க முடியாதா? அமெரிக்க அரசியல் சாசனத்தில் இருக்கும் ஒரு நிபந்தனையைப் புரிந்துகொண்டால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

ஒரு பயத்தில் பிறந்த நிபந்தனை

1783 ஜூன் மாதம், சம்பளம் வராத ராணுவத்தினர் பிலடெல்பியாவில் திரண்டு, நாட்டின் சட்டமன்றமான காங்கிரஸ் கூடியிருந்த கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். பாதுகாப்புக்கு மாநிலப் படையை அனுப்புங்கள் என்று காங்கிரஸ் கேட்டது. பென்சில்வேனியா அரசு அசையவில்லை. நாட்டின் காங்கிரஸ் ஊரைவிட்டுக் கிளம்பி நியூ ஜெர்சியில் உள்ள பிரின்ஸ்டனுக்குப் போக வேண்டியதாயிற்று. மத்திய அரசுக்கென்று தன் சொல் மட்டுமே செல்லும் இடம் வேண்டும் என்ற எண்ணம் அந்த அவமானத்துக்குப் பிறகு வலுத்தது.

நான்கு ஆண்டு கழித்து அரசியல் சாசனம் எழுத உட்கார்ந்தபோது அந்த எண்ணம் முதல் பிரிவின் 8-ஆம் உட்பிரிவில் 17-ஆவது கூறாக வந்தது. தலைநகரின் மீதும், கோட்டைகள், வெடிமருந்துக் கிடங்குகள், ஆயுதசாலைகள், கப்பல் கட்டும் தளங்கள், தேவையான பிற கட்டடங்கள் ஆகியவற்றுக்காக வாங்கும் இடங்கள் மீதும் சட்டம் இயற்றும் முழு அதிகாரம் காங்கிரஸுக்கு மட்டுமே என்றார்கள்.

அங்கேதான் மாசசூசெட்ஸின் எல்பிரிட்ஜ் ஜெர்ரி எழுந்து எதிர்ப்புச் சொன்னார். இந்த அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாநிலத்தின் நிலத்தை வாங்கிக் குவித்து, கோட்டைகளைக் கட்டி, அந்த மாநிலத்தையே அடிமைப்படுத்திவிடலாமே என்பது அவர் அச்சம். அதற்கு மருந்தாக இன்னொரு பிரதிநிதியான ரூபஸ் கிங் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அந்த இடம் அமைந்திருக்கும் மாநிலத்தின் சட்டமன்றச் சம்மதத்தோடு வாங்கியதாக இருக்க வேண்டும். திருத்தம் ஏற்கப்பட்டது.

நிலத்தின் சொந்தக்காரர் ஆவது வேறு, அந்த நிலத்தில் ஆட்சி செய்வது வேறு. மத்திய அரசு யாரிடமும் போய்ப் பணம் கொடுத்து நிலம் வாங்கலாம். பொதுத் தேவைக்கு மாநிலச் சம்மதம் இல்லாமலே கையகப்படுத்தவும் அதற்கு உரிமை உண்டு என்று 1875-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த நிலத்தில் மாநிலச் சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டுத் தன் சட்டம் மட்டுமே செல்லும்படி செய்ய, மாநிலச் சட்டமன்றம் மனமுவந்து கொடுத்தால்தான் உண்டு.

1841-இல் காங்கிரஸ் இந்தக் கட்டுப்பாட்டைத் தனக்குத்தானே இன்னும் இறுக்கிக்கொண்டது. கோட்டைக்கோ, ஆயுதசாலைக்கோ, எந்தப் பொதுக் கட்டடத்துக்கோ வாங்கும் நிலத்தில் அரசுப் பணத்தில் ஒரு டாலர் செலவழிக்க வேண்டுமென்றாலும் அன்று இரண்டு காகிதம் வேண்டியிருந்தது. வில்லங்கம் இல்லை என்று அட்டர்னி ஜெனரல் எழுத்தில் கொடுக்கும் கருத்து ஒன்று. மாநிலச் சட்டமன்றத்தின் சம்மதம் மற்றொன்று.

மூன்று சட்டங்கள்

சாசனம் எழுதியவர்களின் பட்டியலில் கல்லறை இல்லை. லட்சக்கணக்கில் சொந்த ஜனங்களே ஒருவரையொருவர் கொன்று மடிவார்கள் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். 1862 ஜூலை 17 அன்று நிறைவேறிய சட்டம்தான், நாட்டின் சேவையில் உயிர்விடும் வீரர்களுக்குக் கல்லறை நிலம் வாங்கும் அதிகாரத்தை முதன்முதலாக ஜனாதிபதிக்குத் தந்தது. அந்த ஆண்டே 14 தேசியக் கல்லறைகள் உருவாயின.

போர் முடிந்தபின் 1867 பிப்ரவரி 22 அன்று வந்த சட்டம் விவரமானது. ஒவ்வொரு கல்லறைத் தோட்டத்தைச் சுற்றியும் கல் அல்லது இரும்பு வேலி, ஒவ்வொரு குழிக்கும் தலைமாட்டுக் கல், வாசலருகே கண்காணிப்பாளருக்கு வீடு. கண்காணிப்பாளர் வேலை போரில் ஊனமுற்ற வீரர்களுக்கே. கல்லறையைச் சேதப்படுத்தினால் அபராதம், சிறை. நிலத்துச் சொந்தக்காரரோடு விலை படியவில்லையா? நீதிமன்றம் மதிப்பிடட்டும், அந்தத் தொகையைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

1870 ஜூலை 1-ஆம் தேதிச் சட்டம் விடுபட்ட முடிச்சைப் போட்டது. ஒரு மாநிலச் சட்டமன்றம் தேசியக் கல்லறை நிலத்தை வாங்கச் சம்மதம் தந்த நேரம் முதல், அந்த இடத்தின் மீது அமெரிக்க அரசுக்கு உள்ள அதிகாரம், சாசனம் கோட்டைகளுக்குத் தந்த அதே அதிகாரமாக எல்லா நீதிமன்றங்களிலும் கருதப்படும். செத்த வீரன் கிடக்கும் இடத்துக்கு, துப்பாக்கி வைத்திருக்கும் கோட்டையின் தகுதி அன்றைக்குக் கிடைத்தது. 1871 வாக்கில் 3 லட்சத்துக்கும் அதிகமான யூனியன் வீரர்கள் 74 தேசியக் கல்லறைகளில் மறு அடக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். அவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானவர்களின் பெயர்தான் தெரிந்தது.

மாநிலங்கள் கொடுத்த சம்மதச் சட்டங்களைப் படித்தால் அவற்றின் எச்சரிக்கை புரியும். நிலத்துக்கு வரி இல்லை என்று தாராளமாக விட்டுக்கொடுப்பார்கள். ஆனால் மாநில நீதிமன்றத்தின் சம்மனையும் வாரன்ட்டையும் கல்லறை எல்லைக்குள் கொண்டுவந்து கொடுக்கும் உரிமையைக் கையில் வைத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் குற்றவாளி வேலியைத் தாண்டி உள்ளே குதித்துத் தப்பித்துவிடுவான். மத்திய அரசிடம் நிலம் இருக்கும்வரைதான் இந்த அதிகாரம். கைமாறினால் மாநிலத்துக்கே திரும்பும் என்றும் எழுதிவைத்தவர்கள் உண்டு.

டேட்டன் தந்த பாடம்

சம்மதத்தை யோசிக்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரைப் பார்க்கலாம். போரில் கைகால் இழந்த வீரர்களுக்கான தேசிய இல்லம் 1867-இல் அங்கே வந்தது. இல்லத்தோடு சேர்ந்தே அவர்களுக்கான கல்லறையும். ஒஹாயோ சட்டமன்றம் நிலத்துக்குச் சம்மதம் தந்து அதிகாரத்தையும் விட்டுக்கொடுத்தது. அங்கே வசிப்பவர்களின் ஓட்டுரிமை போகாது என்றும் சட்டத்தில் எழுதியது.

1869-இல் ஒஹாயோ உச்ச நீதிமன்றம் அந்த வாசகத்தை ஏற்கவில்லை. சம்மதம் கொடுத்தபின் அது ஒஹாயோவின் ஆட்சிக்கு உட்பட்ட இடமே அல்ல. அங்கே குடியிருப்பவர் ஒஹாயோவாசியாக ஓட்டுப் போட முடியாது என்றது. நாட்டுக்காகக் காலைக் கொடுத்தவனுக்கு ஓட்டு இல்லை! 1871-இல் காங்கிரஸ் சட்டம் போட்டு, அந்த இடத்தின் அதிகாரத்தை ஒஹாயோவுக்கே திருப்பிக் கொடுத்துத்தான் இதைச் சரிசெய்தது. இப்படிப்பட்ட மத்திய அரசு வளாகங்களில் வசிப்பவர்களுக்கும் மாநிலத் தேர்தலில் ஓட்டு உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல 1970 வரை ஆயிற்று.

ஆர்லிங்டனின் கறை

இன்று அமெரிக்காவின் புனித பூமியாகப் போற்றப்படும் ஆர்லிங்டன் கல்லறையின் தொடக்கம் நேர்மையானதல்ல. ஏறத்தாழ 1,100 ஏக்கர் கொண்ட அந்தப் பண்ணை, தென்படைத் தளபதி ராபர்ட் ஈ. லீயின் மனைவி மேரிக்கு அவருடைய அப்பா உயில் எழுதி வைத்தது. மேரியின் காலத்துக்குப் பின் மூத்த மகன் கஸ்டிஸ் லீக்குப் போக வேண்டும். கலகப் பகுதிகளின் நிலங்களுக்கு வரி விதித்த 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாக்கி 92 டாலர் 7 சென்ட். உறவினர் ஒருவர் பணத்தோடு போனார். சொந்தக்காரரே நேரில் வர வேண்டும் என்று அதிகாரிகள் வாங்க மறுத்தார்கள். போர்முனைக்கு அப்பால் நோயில் இருந்த மேரி எப்படி வருவார்? 1864 ஜனவரியில் ஏலம் நடந்தது. அரசே 26,800 டாலருக்கு எடுத்தது. மே மாதம் அடக்கங்கள் தொடங்கின. லீ குடும்பம் ஒருபோதும் திரும்பி வந்து வாழக் கூடாது என்பதற்காகவே, குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரல் மான்ட்கோமரி மெய்க்ஸ் மேரியின் ரோஜாத் தோட்டத்தை ஒட்டி அதிகாரிகளின் உடல்களைப் புதைக்கச் செய்தார்.

கஸ்டிஸ் லீ வழக்குப் போட்டார். அரசின் மீது வழக்கே போட முடியாது என்று அரசு வாதாடியது. 1882 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் லீயின் பக்கம் தீர்ப்பளித்தது. வரியை வாங்க மறுத்தது தவறு, ஏலம் செல்லாது, நிலம் லீயினுடையது. தீர்ப்பை எழுதிய சாமுவேல் மில்லர், லிங்கன் நியமித்த நீதிபதி. ஆயிரக்கணக்கான வீரர்கள் அன்று இன்னொருவர் நிலத்தில் கிடந்தார்கள். தோண்டி எடுக்கச் சொல்லாமல் 1,50,000 டாலருக்கு விற்க லீ சம்மதித்தார். 1883-இல் காங்கிரஸ் பணம் ஒதுக்கியது. கிரயத்தை அரசின் சார்பில் ஏற்ற போர்த்துறைச் செயலாளர், லிங்கனின் மகன் ராபர்ட் டாட் லிங்கன்.

காலம் மாற விதியும் மாறியது. மாநிலம் சம்மதம் தந்துவிட்டாலே அதிகாரம் தானாக வந்துவிடும் என்ற நிலையை 1940-ஆம் ஆண்டுத் திருத்தம் முடித்துவைத்தது. வேண்டும் என்று மத்திய அரசு எழுத்தில் ஏற்றால்தான் இனி அதிகாரம் கைமாறும். 1973-இல் ராணுவத்தின் பொறுப்பில் இருந்த கல்லறைகளில் பெரும்பாலானவை முன்னாள் படைவீரர் நிர்வாகத்திடம் போயின. ஆர்லிங்டன் ராணுவத்திடமே நின்றது.

வீரனுக்கு மரியாதை என்று வந்துவிட்டால் சட்டம், பத்திரம், சம்மதம் எல்லாம் இரண்டாம்பட்சம் என்று உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. ஆர்லிங்டனும் டேட்டனும் அவர்களுக்குப் பதில். வீட்டை இடிக்கலாம், சாலையை மாற்றலாம். ஒருமுறை புதைத்த உடலை எளிதில் இடம்பெயர்க்க முடியாது. ஆகவே மற்ற எந்த நிலத்தைக் காட்டிலும் கல்லறை நிலத்துக்குத்தான் உரியவருக்கு நியாயமான விலையும், மாநிலத்தின் முறையான சம்மதமும் முதலிலேயே தேவை. உயிரைக் கொடுத்தவனைப் பறித்த மண்ணில் படுக்கவைப்பது அவனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

(தொடரும்)